மறு: செல்ஃப் ஸ்டிக்மா – தற்களங்கமா, இழிவேற்பா?

> களங்கம் எல்லோருக்கும் தெரிந்த சொல். முன்னால் 'தன்' சேர்த்தால் வேலை முடிந்தது.

ஐயா, வணக்கம். நம் ஆய்வில் வரும் 'செல்ஃப் ஸ்டிக்மா' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'தற்களங்கம்' போதும் என்கிறீர்கள். வேலை முடியவில்லை என்றுதான் படுகிறது. களங்கம் என்றாலே கறை ஆளின் மேல் இருப்பதாக ஆகிவிடும். நாம் அளப்பது கறையை அல்ல. மனச்சோர்வு வந்தவரை ஊர் பழிப்பதை அவரே சரியென்று எடுத்துக்கொண்டாரா என்பதை. அமெரிக்க உளவியலாளர் பாட்ரிக் காரிகன் இதைப் படிப்படியாகப் பிரிக்கிறார்: ஊர் பழிப்பது தெரிவது, அதை ஒப்புவது, தனக்கும் பொருத்திக்கொள்வது, அதில் தன்மதிப்பு கெடுவது. முதல் படியோடு நின்றுவிடுபவர்களும் உண்டு.

மனச்சோர்வில் கூடுதல் சிக்கல். 'நான் உதவாக்கரை' என்பது நோயின் அறிகுறியே. மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில் ஆறாவது கேள்வி அதைத்தான் கேட்கிறது. 'இந்த நோய் வந்ததால் நான் மட்டம்' என்பது வேறு. கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் லைனில் படிவத்தை வாசித்துக் காட்டியபோது ஓர் அக்கா, "கொழுந்து பறிக்கக் கை வரல தம்பி, நான் எதுக்கும் லாயக்கில்ல" என்றார். இது அறிகுறி. அப்புறம், "மாத்திரைய அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன், மருமக பாத்தா பேசுவா" என்றார். இது ஊர்ப்பயம். கொஞ்ச நேரம் கழித்து, "அவ பேசுனாலும் தப்பில்லையே, உள்ளதத்தானே சொல்லுவா." இந்த மூன்றாவதுக்குத்தான் பெயர் வேண்டும். 'இழிவேற்பு' என்கிறேன்.

> ஏற்பு என்றால் நோயாளி விரும்பி வாங்கிக்கொண்டது போல இருக்கிறதே?

தண்டனையையும்தான் ஏற்கிறோம், விரும்பியா?

இன்னொரு வசதியும் உண்டு. மனநோய் உள்ளவர்களிடம் இந்த இழிவேற்பை அளக்க 2003இல் ரிட்ஷர் குழுவினர் வெளியிட்ட அளவுகோலில் 29 கூற்றுகள், ஐந்து பிரிவுகள். ஐந்தாவது பிரிவு நேர்மாறானது, பழிப்புக்கு மசியாமல் நிற்பது; அதன் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுத்தான் கூட்ட வேண்டும். அதை 'இழிவுமறுப்பு' என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும். 'தற்களங்க எதிர்ப்பு' என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ கட்சிப் போராட்டம் மாதிரி இல்லை?

மனச்சோர்வுக்கென்றே 2010இல் ஆஸ்திரேலியாவில் வந்த 16 கூற்று அளவுகோலில் மட்டும் இந்தச் சொல் கொஞ்சம் இடிக்கும். அது 'எனக்கு மனச்சோர்வு வந்தால்' என்று நோயில்லாதவரையும் கேட்கிறது. வராத நோயின் இழிவை எப்படி ஏற்பது? அங்கே 'இழிவேற்புச் சாய்வு' என்று வைக்கலாம். இதைவிட நல்லது கிடைத்தால் விட்டுவிடுகிறேன்.

'இழிவேற்பு' என்ற சொல் கட்டுரைக்கும் அட்டவணைக்கும் மட்டுமே, மக்களிடம் வாசித்துக் காட்டும் நம் கேள்விப் படிவத்தில் தலைகாட்டக் கூடாது. படிவத்தில் 'வெட்கமாக இருக்கிறது' என்று போட்டால் பெண்கள் சிரித்துவிடுகிறார்கள். 'கேவலமா இருக்கு' என்றால்தான் புரிகிறது. நீலகிரிப் படுகர்களின் மொழியான படுகு பேசும் வீடுகளில் இந்தக் 'கேவலம்' ரொம்பக் கடுமையாகப் படுமா? குன்னூர், ஊட்டிக்காரர்கள் யாராவது வீட்டில் கேட்டு எழுதுங்கள். அதற்கு அப்புறம் படிவத்தை அச்சுக்குக் கொடுக்கலாம்.