43 இன்ச் 4கே டிவி: சீரியல் மட்டும் மங்கலா தெரியுது, திருப்பிக் கொடுத்துடலாமா?

காட்பாடிக்காரன்:
பெரிய டிவிக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆனதும் தீபாவளிக்கு வாங்கினது, 22 ஆயிரத்துச் சொச்சம். நாலு நாள் ஆகுது. யூடியூப் பளிச்சுனு இருக்கு. கேபிள் போட்டா முகத்துக்கெல்லாம் மெழுகு பூசின மாதிரி. "பழைய டிவியே தேவலாம்"ங்கிறாங்க அம்மா. சோபாவுக்கும் டிவிக்கும் பத்தடி. திருப்பித் தர இன்னும் மூணு நாள்தான் இருக்கு. பேனல் கோளாறா?

சத்துவாச்சாரி டிவி மெக்கானிக்:
தம்பி, கேபிள் செட்டாப் பாக்ஸ்லேர்ந்து டிவிக்கு என்ன வயர் போகுது? மஞ்சள் சிவப்பு வெள்ளை பின்னா, எச்டிஎம்ஐயா?

காட்பாடிக்காரன்:
மூணு பின்தாண்ணா. கேபிள்காரர் பழைய வயரையே சொருகிட்டுப் போயிட்டார். பாக்ஸ் பின்னாடி எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதை இப்பதான் பார்க்கிறேன்.

சத்துவாச்சாரி டிவி மெக்கானிக்:
அப்ப பேனல் மேல பழி போடாதீங்க. மூணு பின்ல வர்றது எஸ்டி, அதாவது பழைய சாதாரணத் தரப் படம்தான்; 720க்கு 576, சுமார் நாலு லட்சம் புள்ளி. உங்க டிவியில 83 லட்சம். ஒரு புள்ளியை இருபதா இழுக்குது. மாவு ஒரு கரண்டி, தோசைக்கல் கல்யாண சைஸ்! எச்டிஎம்ஐ மாட்டி, அம்மா பார்க்கிற சேனலை மட்டும் எச்டிக்கு மாத்துங்க. பிக்சர் மோடுல 'விவிட்' வேணாம், 'ஸ்டாண்டர்ட்' வைங்க. நாய்ஸ் ரிடக்‌ஷனைக் குறைங்க, படத்தை வழவழன்னு தேய்க்கிறது அதுதான், மெழுகுப் பூச்சு அதால வர்றது.

குடியாத்தம் அக்கா:
பத்தடியில 43 இன்ச்சுக்கு 4கேவும் ஃபுல் எச்டியும் கண்ணுக்கு ஒண்ணுதான். ஆறடிக்குள்ள போனாத்தான் வித்தியாசம். நான் ரேமைத்தான் பார்ப்பேன், ஆப் எல்லாம் திணறாம ஓடத் தேவையான மெமரி அது. எங்க வீட்டுது 1 ஜிபி; ரெண்டாம் வருஷமே ரிமோட்டை அமுக்கிட்டு காபி போட்டுட்டு வரலாம்னு ஆகிடுச்சு. குறைஞ்சது 2 ஜிபி இருக்கணும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை எடுக்குதான்னும் பாருங்க.

ஆற்காட்டான்:
இன்னாபா, மழைக்காலம் வேற. இடி இடிச்சா பிளக்கோட கேபிள் வயரையும் புடுங்கிடு. எங்க தெருவுல ரெண்டு டிவி அந்த வயர் வழியாத்தான் பூட்ச்சு.

காட்பாடிக்காரன்:
எச்டிஎம்ஐ மாட்டி எச்டியும் போட்டாச்சு. சீரியல் மாமியார் நெத்தியில பொட்டு ஒட்டின பசைகூடத் தெரியுதாம், அம்மாவுக்கு ஏக சந்தோஷம். ஆனா அக்கா, ரேம் 1 ஜிபிதான். அட்டையில கொட்டை எழுத்துல 8 ஜிபின்னு போட்டது ஸ்டோரேஜாம்.

குடியாத்தம் அக்கா:
அப்ப யோசிக்காதீங்க, கொடுத்துடுங்க.

காட்பாடிக்காரன்:
ரிட்டர்ன் போட்டாச்சு. இப்ப தெர்மாகோல்தான் அட்டைப்பெட்டிக்குள்ள போக மாட்டேங்குது.