ஸ்பீட் டெஸ்டில் 94, வீடியோ காலில் திணறல்: உங்கள் அனுபவம் என்ன?

செவ்வாய்ப்பேட்டை: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் விடுதி. 100 எம்பிபிஎஸ் ஃபைபர். தங்க வருகிறவர்கள் எல்லாம் வீடியோ கால் உறைந்து போகிறது என்று புலம்பல். லைன் கொடுத்தவரோ ஊக்லா ஸ்பீட்டெஸ்டைத் திறந்து 94 காட்டிவிட்டு, "எங்க பக்கம் சரியாத்தாங்க இருக்கு" என்று பைக்கைத் திருப்பிவிடுவார். ஃபாஸ்ட் டாட் காமிலும் அதே கதை.

இரண்டுமே பல இணைப்புகளை ஒன்றாகத் திறந்து இழுப்பவை. ஓர் இணைப்பு பாக்கெட்டை (தரவுத் துண்டை) இழந்து வேகத்தைக் குறைத்தால் மற்றவை அந்த இடத்தை நிரப்பிவிடும். கூட்டுத்தொகை அழகாகத்தான் இருக்கும்.

சேலம் ஆபீஸ் சர்வரில் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓடவிட்டு மலைக்கு மேலே போனேன். வைஃபை வேண்டாமென்று கேபிளில் மாட்டி, ரிவர்ஸ் மோடில் (சர்வர் அனுப்ப, இங்கே வாங்குவது) ஒற்றை இணைப்பு: 11 எம்பிபிஎஸ். பத்து இணைப்பாக்கினால் 90-க்கு மேல். அப்புறம் யூடிபியில் (தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்பாத முறை) 40 எம்பிபிஎஸ் அனுப்பினால், பல நொடிகள் இழப்பே இல்லை, திடீரென ஒரு நொடியில் 6 சதவீதம். வீடியோ உறைவது அங்கேதான்.

ஃபைபர் பெட்டியில் ஒளி அளவு மைனஸ் 29 டிபிஎம்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கல். சாதாரண ஜிபான் (வீட்டு ஃபைபர் முறை) பெட்டிக்கு மைனஸ் 27 தாண்டினாலே தகராறு. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருந்த ஜாயின்ட் பாக்ஸ் மூடி பிளந்து உள்ளே மழைத்தண்ணீர். புதிதாக ஜாயின்ட் போட்டதும் மைனஸ் 21; ஒற்றை இணைப்பிலேயே 93.

அஸ்தம்பட்டி தம்பி: அண்ணே, யூடிபிக்கு வேகம் சொல்லாமல் ஓட்டினால் ஐபெர்ஃப்3 வெறும் 1 எம்பிபிஎஸ்தான் அனுப்பும். அதைப் பார்த்து "லைன் செத்துப்போச்சு" என்று எங்கள் ஆபீஸில் ஒருவர் டிக்கெட்டே போட்டார்! சொந்த சர்வர் இல்லாதவர்கள் எம்-லேப் என்ற இணைய வேகச் சோதனையைப் பார்க்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை: பார்க்கலாம் தம்பி, அது ஒற்றை இணைப்புதான். ஆனால் டவுன்லோடு பிபிஆர் என்ற வேகக் கட்டுப்பாட்டு முறையில் ஓடுவதால் சின்ன இழப்பைப் பொறுத்துக்கொள்ளும். இந்த மாதிரிக் கோளாறு அதில் பட்டும் படாமலும்தான் தெரியும்.

மலையேறி: வேலை நேரத்தில் லைனை நிரப்ப முடியாத இடத்துக்கு நான் பாத்லோட் என்ற அளவைக் கருவி வைத்திருந்தேன். பாக்கெட் வரிசைகளை வேகம் மாற்றி மாற்றி அனுப்பி, எந்த வேகத்தில் தாமதம் ஏறத் தொடங்குகிறது என்று பார்த்து மிச்சமிருக்கும் அளவைக் கணிக்கும். யோசனை அருமை. வைஃபையிலும் விர்ச்சுவல் மெஷினிலும் நேரக்கணக்கு குழம்பி உளறும். கேபிள், நிஜ மெஷின் இரண்டும் இருந்தால் மட்டும் தொடுங்கள்.