பேறுகாலத் துணையாக நின்ற அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

தொடங்கியவர், கொங்குப் பகுதி

2019-ல் என் நாத்தனாருக்குத் தலைப்பிரசவம். மாமியாருக்கு இருமல் நிற்கவே இல்லை. அதனால் லேபர் வார்டுக்குள் கூட நிற்க என்னை அனுப்பினார்கள். வாசலிலேயே சிஸ்டர் சொல்லிவிட்டார்: "சுத்தமான துணி கட்டிக்கோங்க. கடைசி வரைக்கும் கூடவே இருக்கணும். வேற பெட் பக்கம் போகவே கூடாது."

பக்கத்துப் படுக்கையில் ஒரு சின்னப் பெண். இருபது வயதிருக்கலாம். ஒடிசாவிலிருந்து நூல் மில் வேலைக்கு வந்தவள். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லாததால் புருஷன் வெளியே நின்றான். அம்மா, மாமியார் எல்லாரும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். ஒவ்வொரு வலிக்கும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். ஒருமுறை கம்பிக்குப் பதிலாக என் முந்தானை அவள் கைக்கு அகப்பட்டது. பிடித்துக்கொண்டாள். நான் நாத்தனாரின் இடுப்பை நீவிக்கொண்டிருந்தேன். திரும்பவும் இல்லை, முந்தானையை இழுக்கவும் இல்லை. வலி விட்டதும் அவளாகவே விட்டுவிட்டாள். அடுத்த வலிக்கு மறுபடி பிடித்தாள். விடியும்வரை அப்படியே போனது.

அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது கூட ஒரு பெண் இருக்கலாம் என்று தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்தது. மத்திய அரசு 2016-ல்தான் நாடு முழுக்க அனுமதித்தது. துணைக்கு வருபவர் உறவுக்காரப் பெண்ணாக, முடிந்தால் பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, மற்ற பிள்ளைத்தாச்சிகளைக் கவனிக்கப் போகக் கூடாது. எல்லாமே நியாயம்தான். ஆனால் உறவுக்காரப் பெண்ணே இல்லாதவளுக்கு யார் வருவது? இந்தக் கேள்விதான் என்னை டூலா பயிற்சிக்கு அனுப்பியது.

டூலா என்றால் கிரேக்கத்தில் பணிவிடை செய்யும் பெண். பிரசவத்தில் துணை நிற்பவரை இன்று அப்படி அழைக்கிறோம். தாய்க்குத் துணை நிற்பவர் என்ற அர்த்தத்தில் அந்தச் சொல்லை எழுபதுகளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியலாளர். நான் சேர்ந்த பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. சீட்டை எடுத்துத்தான் பணம் கட்டினேன். கூடப் படித்தவர்களில் பெரும்பாலானோர் தனியார் மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்களுக்காகப் படித்தார்கள். அவர்களுக்கும் துணை வேண்டும்தான். நான் மில் குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். டூலா மருத்துவச்சி அல்ல. பிபி பார்க்க மாட்டோம், உள் பரிசோதனை செய்ய மாட்டோம், "இந்த ஊசி வேண்டாம்" என்று ஒருநாளும் சொல்ல மாட்டோம். வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் உயிர் போன சம்பவம் 2018-ல் எங்கள் பக்கம் நடந்தது. அதன்பிறகு நம்மைப் பார்த்தாலே டாக்டர்களுக்குச் சந்தேகம் வருவதில் தப்பே இல்லை.

நான் முதலில் துணை நின்றது ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு. ஏழாம் மாதத்தில் போய்ப் பார்த்தேன். மூச்சுப்பயிற்சி சொல்லித்தர நோட்டுப் புத்தகத்தோடு போனவளுக்குக் கிடைத்த முதல் வேலை, கிராம சுகாதாரச் செவிலியரிடம் அழைத்துப்போய், கர்ப்பத்தைப் பதிவுசெய்து கொடுக்கும் ஆர்.சி.எச். எண்ணை வாங்கித் தருவது. அந்த எண் இல்லாமல் இங்கே பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரிய பாடு. அதுவரை அவளிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. ரத்தப்போக்கு, கண் மங்கலோடு தலைவலி, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதை அவள் புருஷனுக்கும் பக்கத்து அறைக்காரர்களுக்கும் சொல்லிவைத்தேன்.

வலி வந்த அன்று, "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து விவரம் சொல்லியிருந்தேன். அந்தப் பெண் என்னைக் காட்டி, "தீதீ" என்றாள். அக்கா. உள்ளே விட்டார்கள். உறவினர் என்று நம் விதி சொன்னாலும், அந்தப் பெண் விரும்பும் துணை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. அந்த டாக்டருக்கு அது தெரிந்திருந்தது.

பதினோரு மணி நேரம். சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு அவளை நடக்கவைத்தேன். வலி வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குனிவாள். நான் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அவள் இடுப்பெலும்பின் நடுவில் அழுத்துவேன். தேய்ப்பதல்ல, அசையாத அழுத்தம். வலி இறங்கும்வரை கையை எடுக்கக் கூடாது. மறுநாள் என் மணிக்கட்டைத் திருப்பவே முடியவில்லை. எனக்குத் தெரிந்த இந்தி பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: டீ குடிக்கப் போய்விடாதீர்கள். போகவில்லை. குழந்தையை நெஞ்சில் போட்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் குடிக்கவைத்தோம்.

17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் அறிக்கை வந்தது. விடாமல் ஒருவர் கூட இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, வலி நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்று அதில் இருக்கிறது. டாக்டர்களிடம் பேசப்போகும்போது அதை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். எனக்கு உதவியது.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர்

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். நைட் டியூட்டியில் ஒரே நேரத்தில் நாலு பேருக்கு வலி, நான் ஒருத்தி. யார் கையையும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. குரல் உயர்ந்துவிடும். உயர்த்தியிருக்கிறேன், அது இப்போதும் மனசை அறுக்கிறது.

2004-ல் வெளியாள் உள்ளே வரலாம் என்றபோது எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி. கூட்டம், தொற்று என்று பயந்தேன். மாறியது ஒரு ராத்திரியில். பிரசவம் ஆகி அரைமணி நேரம் இருக்கும். துணைக்கு வந்திருந்த அம்மா ஓடிவந்து, "துணி மாத்தி மாத்தி நனையுதுங்க சிஸ்டர்" என்றார். போய் வயிற்றில் கைவைத்தேன். கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும், மெத்தென்று இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டு, ஊசி போட்டு, கையால் நீவிக்கொண்டே இருந்தோம். பிழைத்துக்கொண்டாள். அந்த அம்மா இல்லாவிட்டால் நான் அந்தப் படுக்கைக்கு வர இன்னும் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

டூலாவாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், டியூட்டி மாறும்போது புது சிஸ்டரிடம் நீங்களே போய் யார் என்று சொல்லிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், மயங்கி விழுந்தவர்களையும் நான்தான் பார்த்திருக்கிறேன். போனை எடுக்காதீர்கள்.

மறுமொழி: திருவள்ளூர் மாவட்டம்

செங்கல் சூளைகளில் வேலை செய்யும் இருளர் குடும்பங்களோடு இருக்கிறேன். நான் டூலா படித்தவள் இல்லை. போன வருடம் ஒருத்திக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அழுதாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. அப்படி ஆகும் என்று அவளிடம் ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. எனக்கும் தோன்றவில்லை. குளிர்ந்த துணி வைத்து, அங்கன்வாடி அக்காவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனேன். அந்த மூன்றாம் நாளை இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் பயிற்சியில் சொல்லித்தருகிறார்களா?

தொடங்கியவர்

திருவள்ளூர் சகோதரிக்கு: குழந்தையை இழந்தவர்களுக்கு என்று எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது, ஒரு மத்தியானம். பால் கட்டுவதைச் சொன்னார்கள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம், அழுத்திப் பீய்ச்சவும் வேண்டாம், காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். நீங்கள் அழைத்துப்போனதுதான் சரி. என் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் இங்கேயே போடுகிறேன்.

சிஸ்டர், டியூட்டி மாற்றம் பற்றிச் சொன்னதை நான் இத்தனை நாள் செய்யவில்லை. இனி செய்வேன்.

அடுத்த மாதம் இரண்டாம் வாரத்தில் இங்கே ஒருத்திக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். ஒடிசா பெண், இந்தியும் அவ்வளவாக வராது. ஒடியா தெரிந்த பெண்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். போனில் இருபது வார்த்தை கற்றுக்கொடுத்தால்கூடப் போதும்.