பேக் ஐஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். பள்ளி நூலகங்களுக்காகத் துருவப் பயண வரலாறு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பேக் ஐஸ் என்ற சொல்லில் நின்றுவிட்டேன்: கடல்நீர் உறைந்து, திரளாக மிதந்து நகரும் பனி அது. ஐஸ்பெர்க் (உடைந்து கடலில் மிதக்கும் பனிமலை), ஐஸ் ஷெல்ஃப் (நிலத்தை ஒட்டிய பரந்த பனித்தளம்), பேக் ஐஸ் எல்லாவற்றையும் பனிப்பாறை என்றே பலர் எழுதுகிறோம். 1911இல் ஆமுண்ட்சன் முகாம் போட்டது ராஸ் ஐஸ் ஷெல்ஃபில். 1915இல் ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் சிக்கியது வெட்டல் கடலின் பேக் ஐஸில். இரண்டும் பனிப்பாறை என்றால் படிக்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும்? உறைகடல் என்று போடலாமா?

* * *

உறைகடல் வேண்டாம். அசையாமல் கிடக்கிற கடல் என்று தோன்றிவிடும், ஆனால் இந்த வரலாறு முழுக்க அந்தப் பனி நகர்வதால் நடந்ததுதான். 1827இல் ஆங்கிலேயப் பயணி பாரி, ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனிலிருந்து வடக்கே படகுகளை இழுத்துக்கொண்டு நடந்தார், காலடியில் இருந்த பனியோ அவரைத் தெற்கே கொண்டுபோய்க்கொண்டே இருந்தது, வட அகலாங்கு 82 பாகை 45 கலையோடு திரும்ப வேண்டியதாயிற்று. சைபீரியாவுக்கு வடக்கே 1881இல் நொறுங்கிய ஜீனட் கப்பலின் பொருள்கள் பனியோடு மிதந்து வந்து 1884இல் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. அதை வைத்துத்தான் நார்வே நாட்டுப் பயணி நான்சன் ஃப்ராம் கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டு, 1893 முதல் 1896 வரை அதன் போக்கில் மிதக்கவிட்டார். அதனால் மிதவைப்பனி என் பரிந்துரை.

* * *

ஐயா, ஐஸ்பெர்க்கும் மிதக்கிறது. ஐஸ் ஷெல்ஃபும் நிலத்தோடு ஒட்டியபடி மிதப்பதுதானே? மிதப்பது எப்படி வேறுபாடாகும்? அலைவதுதான் வேறுபாடு. அலைகடல் மாதிரி வினைத்தொகையாக அலைபனி என்று வைத்தால் அலைந்த, அலைகின்ற, அலையும் மூன்று காலமும் அடங்கும். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது.

* * *

அலைபேசி வந்தபோது, அது மின்னலையா அலைதலா என்று எவ்வளவு சண்டை போட்டோம்! இதையும் கடல் அலையோடு சேர்த்துத்தான் படிப்பார்கள். அதைவிட அடிப்படையான குறை, பனி என்ற சொல்லே இங்கே பொருந்தாது. முன்பனி, பின்பனி என்று நாம் பிரித்தது குளிரையும் பனித்துளியையும் கண்டு. ஏறி நடக்கிற கட்டிக்கு நம்மிடம் ஆலி இருக்கிறது, ஆலங்கட்டியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மயில் ஆடுவதை மயில் ஆலும் என்போமே, அந்த ஆலுதலிலிருந்தே ஆலி வந்தது என்பது என் உறுதியான கருத்து. அப்படியானால் நீங்கள் தேடுகிற அசைவு வேரிலேயே இருக்கிறது. ஆலித்திரள் என்று எழுதுங்கள்.

* * *

ஆலுதல் வரைக்கும் போனால் வெள்ளிக்கிழமை போய்விடும் ஐயா. ஆலங்கட்டி என்றால் என் மாணவிகளுக்கு மழையோடு விழுவதுதான் தெரியும், அதில் ஒரு கப்பல் பத்து மாதம் சிக்கிக் கிடந்தது என்று எப்படிச் சொல்வேன்? கடல் அலை என்ற குழப்பத்துக்கு இலக்கணமே விடை தருகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, அலைபனி. கடல் அலையைச் சொன்னால்தான் அலைப்பனி. அச்சுப் பார்ப்பவர் ஒற்றைச் செருகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

* * *

நன்றி. அலைபனிக்கே ஆதரவு கூடுதலாகத் தெரிகிறது, அப்படியே போகிறேன், முதல் இடத்தில் ஒரு வரி விளக்கத்தோடு. ஐஸ் ஷெல்ஃபுக்குப் பனித்தட்டு. எண்டியூரன்ஸைக் கைவிட்ட பின் 28 பேரும் கூடாரம் அடித்துத் தங்கிய பெரிய துண்டுக்குப் பனிப்பாளம், இதை யாரும் மறுக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

* * *

பாளம் நல்ல சொல், ஏற்கிறேன். பனியை ஏற்கவில்லை. கிளேசியர் (மலையிலிருந்து மெல்ல இறங்கும் உறைந்த ஆறு), ஸ்னோ, ஃப்ராஸ்ட் எல்லாவற்றுக்கும் பனியையே ஒட்டிக்கொண்டு போனால், ஸ்காட் குழு 1912இல் பியர்ட்மோர் கிளேசியரில் இறங்கித் திரும்பிய பகுதியில் ஒரே பக்கத்தில் எத்தனை பனி வரும் என்று எழுதிப் பாருங்கள். அடுத்த பதிப்புக்காவது ஆலியை யோசியுங்கள்.