மைதானக் கச்சேரில பின்னாடி உக்காந்தவங்களுக்கு பாட்டு ரெண்டு தடவ கேக்குது, என்ன காரணம்?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் பங்குனிப் பொங்கலுக்கு பள்ளிக்கூட மைதானத்துல மெல்லிசைக் கச்சேரி வச்சோம், என் தங்கச்சியும் ரெண்டு பாட்டு பாடுனா. மைதானம் 100 மீட்டருக்கு பக்கம் நீளம். மேடைக்கு ரெண்டு பக்கமும் பாக்ஸ் அடுக்கியிருந்தாங்க, பின்னாடி உள்ளவங்களுக்கும் கேக்கணுமேன்னு பாதிய தாண்டி 60 மீட்டர் கிட்ட ரெண்டு சவுக்குக் கட்டை நட்டு அதுலயும் பாக்ஸ் கட்டி மேடைல இருந்து ஒயர் இழுத்து விட்டோம். நான் முன்னாடி மிக்ஸர் பக்கத்துல நின்னேன், அருமையா இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா அம்மா, "பாப்பா பாடுனதுல ஒரு வார்த்தை வெளங்கல, அவ பாட பாட பின்னாடியே இன்னொருத்தி அதையே பாடுற மாதிரி இருந்துச்சு"ன்னு சொல்றாங்க. அவங்க உக்காந்திருந்தது அந்த சவுக்குக் கட்டைக்கு பக்கத்துலதான், எனக்கு மனசே ஆறல. இன்னொன்னு, மேடைக்கு நேர் நடுவுல நின்னா பாஸ், அதான் அந்த தடிச்ச அடிச்சத்தம், நெஞ்சுல இடிக்குது, நாலு எட்டு தள்ளி நின்னா காணவே காணோம். ஆடி மாசம் திரும்ப வைக்கப் போறோம், அதுக்குள்ள சரி பண்ணணும்.

சக்கரவாகம்:
ப்ரோ பின்னாடி பாக்ஸே வேணாம், முன்னாடி வால்யூம கூட்டி வச்சா போதும், ஒரே பக்கத்துல இருந்து வந்தா எக்கோ எப்படி வரும்?

மிக்ஸர்மணி:
வால்யூம் கூட்டுறது வேணாம் தம்பி. திறந்தவெளில சாதாரண பாக்ஸ்ல தூரம் ரெட்டிப்பாக ரெட்டிப்பாக சத்தத்தோட அளவு 6 டெசிபல் குறையும். 4 மீட்டர்ல 100 டெசிபல் இருந்தா 64 மீட்டர்ல 76தான். பின்னாடி பத்தலன்னு ஏத்திக்கிட்டே போனா முன் வரிசைல தரைல உக்காந்திருக்கற புள்ளைங்க காது என்னத்துக்கு ஆகும்? நான் 20 வருஷமா சவுண்டு வேலை பாக்குறேன், முன் வரிசைல கைக்கொழந்தையோட யாராச்சும் இருந்தா மொதல்ல அவங்கள பின்னாடி போய் உக்கார சொல்லிட்டுதான் மிக்ஸர தொடுவேன்.

வைகைக்கரை தம்பி, நடுவுல பாக்ஸ் கட்டுனது நல்ல யோசனைதான், அதுக்கு டிலே குடுக்காம, அதாவது சத்தத்த கொஞ்சம் பிந்தி விடாம போனதுதான் தப்பா போச்சு. ஒயர்ல போற சிக்னல் கண்ண மூடி தொறக்குறதுக்குள்ள போயிரும், ஆனா காத்துல வர்ற சத்தம் ஒரு செகண்டுக்கு 350 மீட்டர் சொச்சம்தான் போகும். மேடை பாக்ஸ்ல இருந்து 60 மீட்டர் வர்றதுக்கு 170 மில்லி செகண்ட் ஆயிரும். உங்க அம்மாவுக்கு பக்கத்து பாக்ஸ் மொதல்ல பாடியிருச்சு, அது பாடி 170 மில்லி செகண்ட் கழிச்சு மேடைல இருந்து அதே வார்த்தை வந்து சேந்துச்சு. 50 மில்லி செகண்டுக்கு மேல போனாலே பேச்சுல காது அத ரெண்டாவது குரலா பிரிச்சு கேக்க ஆரம்பிச்சிரும்.

அதனால நடு பாக்ஸ்ல அந்த 170அ பிடிச்சு வைக்கணும், அதுக்கு மேல ஒரு 10, 15 சேத்து வைக்கணும். ஏன் சேக்கணும்னா, மொதல்ல எங்க இருந்து சத்தம் வருதோ அங்கதான் பாடுறவங்க இருக்காங்கன்னு காது நம்பும், கொஞ்சம் பிந்தி பக்கத்துல இருந்து சத்தமாவே வந்தாலும் ரெண்டையும் சேத்து ஒண்ணா எடுத்துக்கும். ஹெல்முட் ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1949ல இத ஆராய்ஞ்சு எழுதினாரு, அவர் பேராலதான் இன்னைக்கும் ஹாஸ் எஃபெக்ட்டுன்னு சொல்றோம். சரியா வச்சா பின்னாடி உள்ளவங்களுக்கு பாட்டு மேடைல இருந்தே வர்ற மாதிரி இருக்கும், கட்டைல பாக்ஸ் இருக்கறதே மறந்து போகும். டிஜிட்டல் மிக்ஸர்னா அவுட்புட்லயே டிலே இருக்கும்.

பழைய கேசட்டு:
அமெரிக்கால 1973 ஜூலை 28ஆம் தேதி வாட்கின்ஸ் க்ளென்னு ஒரு எடத்துல கார் ரேஸ் மைதானத்துல கச்சேரி நடந்துச்சு, கிரேட்ஃபுல் டெட் உட்பட மூணே குழுதான், கூட்டம் ஏறக்குறைய 6 லட்சம். அங்கயும் மேடைக்கு தூரமா டவர் கட்டி, அப்பத்தான் புதுசா வந்திருந்த டிஜிட்டல் டிலே மிஷின வச்சுத்தான் சமாளிச்சாங்க. அதே வேலைதான் இப்ப நம்ம ஊர் மிக்ஸர் ஒண்ணுக்குள்ள கெடக்குது.

இயற்பியல் வாத்தியார்:
மணி அண்ணன் சொன்னது சரி, நான் வெப்பத்த பத்தி சேக்குறேன். மத்தியானம் 38 டிகிரில சத்தம் செகண்டுக்கு 354 மீட்டர், ராத்திரி 28 டிகிரில 348. 60 மீட்டருக்கு 3 மில்லி செகண்ட்தான் வித்தியாசம், அதுனால எக்கோ வராது, கவலப்படாதீங்க. ஆனா வேற ஒண்ணு நடக்குது. பகல்ல தரை கொதிக்கும், தரைய ஒட்டுன காத்து சூடா இருக்கும், அதுல சத்தம் வேகமா போறதால மொத்த அலையும் மேல் பக்கமா வளைஞ்சு ஜனங்க தலைக்கு மேல போயிரும். ராத்திரி தரை குளுந்த பெறகு தலைகீழ், மேல போற சத்தமும் கீழ வளைஞ்சு எறங்கும். மார்கழி காலைல ரெண்டு ஊர் தள்ளி இருக்கற கோயில் கொழாய் ஸ்பீக்கர் பாட்டு வார்த்தை வார்த்தையா கேக்குதே, மத்தியானம் அதே ஸ்பீக்கர் கேக்குதா பாருங்க. அதனால வெயில்ல செக் பண்ணி வச்சத அப்பிடியே நம்பாம, பொழுது எறங்குனதும் ஒருக்கா மைதானம் முழுக்க நடந்து கேளுங்க.

மிக்ஸர்மணி:
பாஸ் கதைய விட்டுட்டேன். 50 ஹெர்ட்ஸ்ல ஒரு அலை 7 மீட்டர் நீளம். பாஸ் மட்டும் போடுற பெரிய பாக்ஸ், அதான் சப், உங்ககிட்ட உள்ள ரெண்டும் மேடைக்கு ரெண்டு ஓரத்துல 16 மீட்டர் எடவெளில இருக்குன்னு வைங்க, நேர் நடுவுல நிக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணா வந்து சேரும், நெஞ்சுல இடிக்கும். மேடைல இருந்து 15 மீட்டர்ல, நடுவுல இருந்து ஏறக்குறைய 4 மீட்டர் தள்ளி நின்னா ஒரு சப் இன்னொண்ண விட 3.5 மீட்டர் தூரமாயிரும், பாதி அலை. ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும், பாஸ் செத்துரும். ரெண்டையும் தூக்கி மேடைக்கு முன்னாடி நடுவுல ஒட்டி வைங்க, முடிஞ்சது.

வைகைக்கரை:
அண்ணே, வாத்தியார் சார், நேத்து சாயங்காலம் சவுண்டு செட் அண்ணன கையோட கூட்டிட்டு போய் வெறும் மைதானத்துல போட்டுப் பாத்தோம். டேப்பு வச்சு அளந்தா சரியா 63 மீட்டர். 179 கணக்கு வந்துச்சு, 12 சேத்து 191 வச்சோம். மொதல்ல டிலே இல்லாம மைக்க வெரலால தட்டுனோம், கட்டைகிட்ட நின்னு கேட்டா டக்-டக்னு ரெண்டு. 191 வச்சதும் ஒரே டக். அம்மாவ அதே எடத்துல நாற்காலி போட்டு உக்கார வச்சு தங்கச்சிய பாடச் சொன்னேன். அம்மா கட்டைய திரும்பிப் பாத்துட்டு, "இந்தப் பாக்ஸ போடவே இல்லையாடா?"ன்னு கேட்டாங்க.