தொகையிடல்: எந்தக் கணக்குக்கு எந்த முறை? எக்ஸ்³ ஈ^(எக்ஸ்²)-இல் நிற்கிறேன்

கேள்வி:
பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழி. பயிற்சியின் மேலேயே 'பிரதியிடல் முறை' என்று போட்டிருந்தால் கணக்கு வந்துவிடுகிறது. எல்லாம் கலந்து வந்தால் எதில் தொடங்குவது என்றே தெரியவில்லை. இப்போது மாட்டியிருப்பது இது:

∫ எக்ஸ்³ ஈ^(எக்ஸ்²) டிஎக்ஸ்

பெருக்கல் இருக்கிறதே என்று பகுதித் தொகையிடலுக்குப் போனேன். ஐலேட் வரிசைப்படி (எதை யு-வாக எடுப்பது என்று சொல்லும் வரிசை) யு = எக்ஸ்³. அப்புறம் ஈ^(எக்ஸ்²)-ஐத் தொகையிட வேண்டும், அது வரவே மாட்டேன் என்கிறது.

பதில்:
தம்பி, ஐலேட்டைத் தொடும் முன் ஒன்று பாருங்கள். உள்ளே இருக்கும் சார்பின் வகைக்கெழு வெளியே பெருக்கலில் நிற்கிறதா? அடுக்கில் எக்ஸ்², அதன் வகைக்கெழு 2எக்ஸ். எக்ஸ்³-ஐ எக்ஸ்² × எக்ஸ் என்று பிரித்தால் அந்த எக்ஸ் கிடைத்துவிடும். ஒய் = எக்ஸ்² என்று பிரதியிடுங்கள்:

½ ∫ ஒய் ஈ^ஒய் டிஒய்

இப்போதுதான் பகுதித் தொகையிடல். விடை ½ ஈ^(எக்ஸ்²) (எக்ஸ்² − 1) + சி. ஒரே கணக்கில் இரண்டு முறை வரலாம். ஐலேட் ஒரு வழிகாட்டிதான், சட்டம் இல்லை.

இன்னொருவர் பதில்:
பின்னமாக வந்தால் முதலில் பகுதியைப் பாருங்கள். காரணிப்படுத்த முடிந்தால் பகுதிப் பின்னங்கள். (எக்ஸ் + 5) / (எக்ஸ்² + 4எக்ஸ் + 13) மாதிரி வந்தால் தன்மைகாட்டி 16 − 52 = −36, காரணி கிடையாது. தொகுதியை ½(2எக்ஸ் + 4) + 3 என்று எழுதுங்கள். முதல் துண்டு ½ லாக்(எக்ஸ்² + 4எக்ஸ் + 13) தரும். இரண்டாவதில் பகுதி (எக்ஸ் + 2)² + 3² ஆகிறது, அது டேன் இன்வர்ஸ் (எக்ஸ் + 2)/3. மாணவர்கள் அதிகம் திணறுவது தொகுதியை இப்படி உடைக்கும் இடத்தில்தான். பத்துக் கணக்காவது கையால் போடுங்கள்.

கேட்டவர்:
நன்றி சார். முதல் விடையை வகையிட்டுப் பார்த்தேன், சரியாக எக்ஸ்³ ஈ^(எக்ஸ்²) வந்தது. ஈ^(எக்ஸ்²) மட்டும் தனியாகக் கொடுத்தால்?

பதில்:
நமக்குத் தெரிந்த அடுக்கு, மடக்கை, முக்கோணவியல் சார்புகளை எப்படிச் சேர்த்தாலும் அதற்கு விடை எழுத முடியாது. பிரெஞ்சு கணிதவியலாளர் லியூவில் 1830-களில் உருவாக்கிய தேற்றத்தைக் கொண்டு இதை நிரூபிக்கலாம். கூடவே எக்ஸ், எக்ஸ்³, எக்ஸ்⁵ என்று ஒற்றைப்படை அடுக்கு இருந்தால்தான் வழி உண்டு. எக்ஸ்² ஈ^(எக்ஸ்²) என்று கண்ணில் பட்டால் வினாவை மறுபடி படியுங்கள். பெரும்பாலும் எக்ஸ்² ஈ^எக்ஸ் ஆகத்தான் இருக்கும், பெர்னோலி சூத்திரத்தில் (பகுதித் தொகையிடலைத் திரும்பத் திரும்பச் செய்வதன் சுருக்கம்) ஒரே வரியில் முடியும்: ஈ^எக்ஸ் (எக்ஸ்² − 2எக்ஸ் + 2) + சி.