நிலநடுக்கோட்டை ஒட்டிய மலைகளில் பனி எப்படி நிலைக்கிறது?

வைகைக்கரை:
மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழப் பத்துப் பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை வெயிலில் இங்கே 40 டிகிரி புதிதல்ல. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையோ வெறும் மூன்று பாகை தெற்கில் இருக்கிறது. அதன் 5,895 மீட்டர் உச்சியில் மட்டும் பனி எப்படித் தங்குகிறது? உயரே போகப் போகச் சூரியனை நெருங்கத்தானே செய்கிறோம்?

மேலூர் ஆசிரியர்:
சூரியன் இருப்பது ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். ஆறு கிலோமீட்டர் நெருங்குவது எந்தக் கணக்கிலும் வராது. வெயில் பெரும்பாலும் காற்றை நேரடியாகச் சூடாக்குவதில்லை. முதலில் தரை சூடாகிறது, அங்கிருந்தே காற்றுக்கு வெப்பம் ஏறுகிறது. அந்தக் காற்று மேலெழும்போது, அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதால் விரிந்து குளிர்ந்துவிடுகிறது. சைக்கிள் டியூபின் வால்விலிருந்து சீறி வரும் காற்று சில்லென்று இருப்பதும் இதனால்தான். சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். நம் ஊரைவிட ஏறத்தாழ 2,000 மீட்டர் உயர்ந்த கொடைக்கானலுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 13 டிகிரி வருகிறது. 5,000 மீட்டரை நெருங்கும்போது நிலநடுக்கோட்டிலும் வெப்பநிலை சுழியத்தைத் தொட்டுவிடும். 1848-இல் யோகன்னஸ் ரெப்மான் என்னும் ஜெர்மானியச் சமயப் பணியாளர் கிளிமஞ்சாரோவில் பனியைக் கண்டதாகத் தெரிவித்தபோது, லண்டனில் இருந்த புவியியல் அறிஞர்கள் சிலரே நம்ப மறுத்தார்கள்; ஆகவே உங்கள் ஐயத்துக்குப் பழைய துணை உண்டு.

வைகைக்கரை:
நன்றி ஐயா. குளிர்காலமே இல்லாத இடத்தில் பனி எந்த மாதத்தில் விழும்?

மேலூர் ஆசிரியர்:
அங்கே மாதத்துக்கு மாதம் உள்ள வேறுபாட்டைவிடப் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடே பெரிது. அடிவாரத்தில் மழைக்காலம் எதுவோ, உச்சியில் அதுவே பனிக்காலம். மழை குறைந்தால் பனியும் மெலியும். கிளிமஞ்சாரோவின் வறண்ட காற்றில் பனிக்கட்டி நீராக உருகாமலே ஆவியாகிவிடுவதும் உண்டு. 1912-இல் அளந்த பனிப்பரப்பில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் இன்று இல்லை.

கொடை மலையடிவாரம்:
கோட்டின் மீதே பனியைக் காண வேண்டுமானால் எக்வடோரின் கயம்பே எரிமலையைத்தான் பார்க்க வேண்டும். 5,790 மீட்டர் உயரமுள்ள அதன் தெற்குச் சரிவில், ஏறத்தாழ 4,690 மீட்டர் உயரத்தில் நிலநடுக்கோடு கடந்து செல்கிறது. தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனைமுடிக்கு 2,695 மீட்டர்தான். தை மாதத்தில் கொடைக்கானல் புல்வெளி வெளுத்திருப்பதைப் படமெடுத்துப் பனிப்பொழிவு என்று பரப்புகிறார்கள். அது காற்றின் ஈரம் இரவில் புல்லின் மேல் உறைந்ததே தவிர, மேகத்திலிருந்து விழுந்ததன்று.